சுடலைமுத்துக்கு விழுந்த எண்

ஜோன்ஸ் மச்சாது எடுத்த எடுப்பில் யாரையும் வெறுத்துவிட மாட்டார். எதிராளியைக் கொஞ்ச நேரம் பேச விடுவார். தான் எந்தப் பதிப்பு ஆடுகிறவன் என்று அவனே வாயைத் திறந்து சொல்லட்டும் என்று காத்திருப்பார். 'புதுசு' என்று அவன் சொன்ன மாத்திரத்தில் வெறுத்துவிடுவார். அதற்குப் பிறகு அவன் கலெக்டராக இருந்தாலும் சரி, கப்பல் கேப்டனாக இருந்தாலும் சரி, ஜோன்ஸின் கண்ணுக்குப் பால்புட்டி கடிக்கிற பயல்தான்.

விளையாட்டு என்னவோ எளிமையானதுதான். ஒரு மேசை, சுற்றி நாலைந்து பேர், பென்சில், காகிதம், பல முகங்கள் உள்ள பகடைகள். ஒருவர் நடுவர். அவர் ஒரு குகையையோ பாழடைந்த கோட்டையையோ மனதில் கட்டி வைத்துக்கொண்டு, இடது பக்கம் ஒரு கதவு இருக்கிறது, கதவுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக, மந்திரக்காரியாக, திருடனாக அதற்குள் நடப்பார்கள். வாள் பட்டதா, விஷம் ஏறியதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது. சில வருஷங்களுக்கு ஒருமுறை விதிகளைக் கலைத்துப் போட்டுப் புதுப் பதிப்பு என்று திரும்பவும் விற்பான். ஜோன்ஸிடம் இருந்தது ஆதி காலத்துப் பெட்டி. கப்பலில் சமையல் வேலை பார்த்த அவருடைய சித்தப்பா ரோச், ரோட்டர்டாமில் வாங்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் வந்த பதிப்புகளை எல்லாம் ஜோன்ஸ் 'கஞ்சி' என்பார். உப்பில்லாத கஞ்சி என்று சில நாள் சேர்த்துக்கொள்வார்.

அந்தப் பெட்டி அச்சாகி வெளிவந்தபோது ஜோன்ஸ் மூக்கு ஒழுக ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். ஆனால் பேச்சைக் கேட்டால், பனி கொட்டுகிற ஏதோ ஓர் ஊரில், வீட்டுக்கு அடியில் உள்ள அறையில், விதிகளை எழுதியவர்களுக்குப் பக்கத்தில் அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது போலத் தோன்றும். "அந்தக் காலத்துல ஆட்டம்னா ஆட்டம்லே" என்பார். எந்தக் காலத்தில், யாருடைய ஊரில் என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. பனி என்று ஜோன்ஸ் கண்ணால் பார்த்தது மீன் கம்பெனி ஐஸைத்தான்.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு தெருவில் அவருக்குக் கடை. கப்பல்களுக்கும் லாஞ்சுகளுக்கும் கயிறு, பெயிண்ட், சோப்பு, வெங்காயம் எல்லாம் சப்ளை செய்வார். கடைக்கு மேலே ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஊரே குப்புறப் படுத்துத் தூங்குகிற நேரத்தில் அங்கே ஆட்டம் நடக்கும். அறை முழுக்கப் புதுக் கயிற்று வாசம் அடிக்கும். ஜன்னலைச் சாத்திக் கறுப்புத் துணி போட்டிருப்பார். காற்றாடி ஒன்று தலைக்கு மேலே வேண்டாவெறுப்பாகச் சுற்றும்.

கறுப்புத் துணிக்குக் காரணம் இருந்தது. பழைய பதிப்பில் வெளிச்சம் என்பது பெரிய விஷயம். தீவட்டி எத்தனை கொண்டுபோனாய், எவ்வளவு எரிந்தது, மிச்சம் என்ன என்று கணக்கு வைக்க வேண்டும். குகைக்குள் தீவட்டி அணைந்துவிட்டால் ஜோன்ஸின் அறையிலும் விளக்கை அணைத்தாக வேண்டும். கும்மிருட்டில் நடுவர் மட்டும் ஒரு பேனா டார்ச்சைக் கைக்குள் மறைத்துக்கொண்டு பகடையைப் பார்ப்பார். பார்த்து, எண்ணை மட்டும் சொல்லுவார். செத்தான், பிழைத்தான் என்று அவர் வாயால் சொல்லக் கூடாது. எண்ணைக் கேட்டு, அதற்கு அர்த்தம் என்ன என்று ஆடுகிறவர்களே தெரிந்துகொள்ள வேண்டும். திரும்ப விளக்கு எரியும்வரை பகடை எவர்சில்வர் தட்டில் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அதை யாரும் தொடக் கூடாது. இதெல்லாம் பெட்டியில் வந்த புத்தகத்தில் கிடையாது. ஜோன்ஸ் போட்ட சட்டம்.

"நடுவருக்கு இரக்கம் இருக்கப்படாது," என்பார். "இரக்கம் வேணும்னா கோயில் வாசல்ல போய் நில்லு."

இரக்கமில்லாமல்தான் நடத்தினார். ஒரு காலத்தில் அந்த மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். பழைய பதிப்பில் புது வீரன் என்றால் ஒரு அடி தாங்க மாட்டான். எலி கடித்தே செத்தவர்கள் உண்டு. ஆட்டம் தொடங்கும்போது பெயர் வைத்து, டீ வருவதற்குள் அடக்கம் பண்ணின வீரர்கள் உண்டு. ஒவ்வொரு சாவுக்கும் ஜோன்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்லி, அடுத்த வெற்றுக் காகிதத்தை நீட்டுவார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியாகக் கழன்றவன் அவருடைய அக்காள் மகன் ஸ்டெபின். நாலு வீரர்களை வரிசையாகப் பறிகொடுத்துவிட்டு, "மாமா, எனக்குப் பொழுதுபோகணும்னா நான் ஆஸ்பத்திரி பிணவறைக்கே போயிக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனான். போனவன் சும்மா போகவில்லை. துறைமுகப் பக்கம் ஒரு காபிக்கடையில் புதுப் பதிப்பு வாங்கி வைத்து, தானே நடுவராக உட்கார்ந்துவிட்டான். கழன்றவர்கள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ஜோன்ஸிடம் மிச்சம் இருந்தது இரண்டே பேர்.

ஒருத்தி பிளாரன்ஸ். ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெற்கே இரண்டு தெரு தள்ளி வீடு. நடுவர் சொல்லச் சொல்லக் காதால் கேட்டே குகையின் வரைபடத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைவது அவள் வேலை. ஒரு மூலைகூடத் தப்பாது. அவளைப் பற்றி ஜோன்ஸ் அதிகமாக யோசித்ததில்லை. காற்றாடியைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? பிளாரன்ஸ் வருவாள், அவள் எங்கே போகப்போகிறாள் என்று இருந்தார்.

இன்னொருவன் மாசானம். ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை வயக்காட்டுக்காரன். சாகுபுரம் கெமிக்கல் ஆலையில் ஷிப்டு வேலை. கடைக்குக் கயிறு வாங்க வந்தவன், கல்லாவில் உருண்டு கிடந்த இருபது முகப் பகடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்னது அண்ணாச்சி" என்று கேட்டான். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அன்று உருவாக்கிய வீரன் இன்னும் உயிரோடு இருந்தான். பெயர் சுடலைமுத்து. புத்தகத்தில் உள்ள மாதிரிப் பெயர்களைக் காட்டி ஜோன்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அந்த ஊரு பேரெல்லாம் எனக்கு நாக்குல ஏறாது அண்ணாச்சி" என்று மாசானம் மறுத்துவிட்டான்.

சுடலைமுத்து பெரிய வீரன் ஒன்றும் கிடையாது. அவன் கையில் நீளமான ஒரு மூங்கில் கம்பு இருந்தது. எந்தக் கதவானாலும், எந்தத் தரையானாலும், "கம்பால தட்டிப் பாக்கேன்" என்பான் மாசானம். தட்டுவான், காது கொடுப்பான், மறுபடியும் தட்டுவான். அப்படித் தட்டித் தட்டியே பதினோரு வருஷம் பிழைத்துக் கிடந்தான். ஜோன்ஸுக்கு அதைப் பார்க்கிறபோது நெஞ்சு நிறைந்து போகும். இந்த ஊரில், இந்த மாவட்டத்தில், ஆட்டம் என்றால் என்னவென்று புரிந்த ஒரே ஆள் இவன்தான் என்று நினைப்பார். மாசானத்தை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வார்த்தை அப்படி அவனிடம் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டெபினின் காபிக்கடைக்கு ஜோன்ஸ் போனார். அக்காள் கொடுத்துவிட்ட மஸ்கோத் அல்வாவை அவனிடம் சேர்க்க வேண்டும் என்பது சாக்கு. உண்மையில் எதிரி எவ்வளவு கேவலமாக இருக்கிறான் என்று கண்ணால் பார்த்துச் சந்தோஷப்படத்தான் போனார்.

ஏமாற்றமில்லை. மேசை நிறைய வர்ணம் பூசின பொம்மைகள். பகடை உருட்டக்கூடச் சோம்பல்பட்டுப் பாதிப் பேர் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பல்லித் தலை வைத்த பாட்டுக்காரனாம். அவனை யாரோ வெட்டி வீழ்த்தினார்கள். பக்கத்தில் இருந்தவள் அவனைத் தொட்டாள். எழுந்து உட்கார்ந்துவிட்டான். இன்னொரு தடவை விழுந்தான். இன்னொரு தடவை எழுந்தான். ராத்திரி படுத்துத் தூங்கினால் எல்லாக் காயமும் ஆறிவிடும் என்று ஒரு பெண் ஜோன்ஸுக்குப் பெரிய மனது பண்ணி விளக்கினாள்.

"தூங்குனா ஆறிரும்னா, நம்ம பிளாரன்ஸ் என்னத்துக்கு நைட் டூட்டி பாக்கா?" என்று கேட்டார் ஜோன்ஸ்.

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெபின் அந்தப் பல்லிப் பாட்டுக்காரனைப் பார்த்து, விழுந்து கிடந்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது என்று உருக்கமாகக் கேட்டான். அந்தப் பயல் அவனுடைய அம்மா சின்ன வயதிலேயே விட்டுவிட்டுப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தான். பல்லியின் அம்மா. மேசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"ஏலே, நீ நடத்துதது ஆட்டமா, ஜெபக்கூட்டமா?"

"எல்லாரும் சந்தோசமா இருக்காவல்லா மாமா. அது போதாதா?"

"சந்தோசமா இருக்கணும்னா மாதா கோயில் திருவிழாவுல ராட்டினம் போடுதான், அதுல ஏறச் சொல்லு. சாவு இல்லன்னா அங்கன என்னலே வெளையாட்டு இருக்கு?"

"இங்க யாரும் சாக மாட்டாவன்னு மொதல்லயே பேசி வச்சிட்டுத்தான் ஆரம்பிச்சோம்" என்றான் ஸ்டெபின். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் ஜோன்ஸுக்கு எரிச்சலாக இருந்தது. அல்வாவை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து, ரோட்டில் காறித் துப்பினார். வீடு வரைக்கும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு போனார். பல்லியின் அம்மாவாம்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் நடித்தே காட்டினார். பிளாரன்ஸ் சிரித்தாள். மாசானமும் சிரித்தான். ஆனால் சிரித்து முடித்துவிட்டு அவன் ஒரு வார்த்தை சொன்னான்.

"ஸ்டெபின் தம்பி என்னையும் கூப்புட்டான் அண்ணாச்சி."

"எதுக்கு? பல்லிக்கு அப்பனா நடிக்கவா?"

"நான் போவல. சுடலைமுத்து இருக்குத வரைக்கும் நான் இங்கனதான் வருவேன்." மாசானம் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "ஆனா ஒண்ணு அண்ணாச்சி, மறைக்காமச் சொல்லிருதேன். அவன் போயிட்டான்னா, மறுபடி மொதல்ல இருந்து இன்னொரு பயலைப் பெத்து வளக்க எனக்குத் தெம்பு இல்ல. ஷிப்டு முடிஞ்சு ரெண்டு பஸ்ஸு மாறி வாரேன். எலி கடிச்சிச் சாவுத பயலுக்காக வர முடியுமா சொல்லுங்க?"

"செத்தா செத்தான். அதுதான ரூலு?" என்றார் ஜோன்ஸ் உடனே.

"ரூலு அதுதான். நான் இல்லங்கல."

ஜோன்ஸ் வேறு பேச்சுக்கு மாறிவிட்டார். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மீன் குழம்பு ருசிக்கவில்லை. மாசானம் இல்லையென்றால் மேசை இல்லை. ஒரு நடுவரும் ஒரு பிளாரன்ஸும் உட்கார்ந்து என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே இறங்கி, மனைவி பார்க்கிற சீரியலில் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டியதுதான். அதைவிட, ஸ்டெபின் படியேறி வந்து, நீங்களும் அங்க வந்துருங்களேன் மாமா என்று பாவம் பார்த்துக் கூப்பிடுவான். அந்தக் குரலை ஜோன்ஸால் இப்போதே கேட்க முடிந்தது. பயமாக இருந்தது அவருக்கு.

அந்த மழைக்காலத்தில் அவர்கள் இறங்கியிருந்தது துறைமுகத்துக்கு எதிரே கடலில் கிடக்கிற முயல் தீவுக்கு அடியில் இருக்கிற கோட்டை. முத்துக் குளிக்கப் போய் மூச்சு முட்டிச் செத்தவர்கள் எல்லாம் கூடி, கடலுக்கு அடியில் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கோட்டை என்பது ஜோன்ஸின் கற்பனை. அறை அறையாக எழுதி வைத்திருந்தார். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எழுதிவிட்டால் நடுவரே ஆனாலும் மாற்றக் கூடாது. அதுவும் அவர் சட்டம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுடலைமுத்தும் பிளாரன்ஸின் திருடியும் முன்னால் நடந்தார்கள். தீவட்டி பிடிக்க ஒரு கூலிக்காரன் கூட வந்தான். பழைய பதிப்பில் இப்படி ஆள் அமர்த்திக்கொள்ளலாம். இருட்டு மூலைக்கு முதலில் அவனைத்தான் அனுப்புவார்கள். அவனுக்குப் பெயர் வைப்பது வழக்கமில்லை.

மாசானம் கம்பால் தட்டிக்கொண்டே வந்தான். படிக்கட்டைத் தட்டினான். வளைவைத் தட்டினான். தண்ணீர் நிறைந்த ஒரு கிணற்றின் ஓரமாகக் குறுகலான பாதை போனது. ஜோன்ஸ் பகடையை உருட்டினார். இந்தப் பகடை கூலிக்காரனுக்கானது.

"ரெண்டு" என்றார்.

"வழுக்கிட்டான்" என்றாள் பிளாரன்ஸ்.

"தீவட்டியோட கெணத்துக்குள்ள விழுந்துட்டான்" என்றார் ஜோன்ஸ்.

பிளாரன்ஸ் எழுந்து சுவிட்சை அணைத்தாள். காற்றாடி சுற்றுகிற சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. யார் முகமும் தெரியவில்லை.

"அந்தப் பய எங்கன கெடக்கான்?" மாசானத்தின் குரல்.

"முங்குதான். கை மட்டும் மேல தண்ணியில அடிக்கிற சத்தம் கேக்கு."

"நான் எறங்கி இழுக்கேன்."

"கூலிக்காரன்லே அவன்" என்றார் ஜோன்ஸ்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. கண் முன்னால் படுகுழியில் கால் வைக்கிறவனைப் பார்த்துக்கொண்டு, சரி, அப்புறம் என்று கேட்கிற மனுஷன் அவர். கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். போன மாதமே எழுதிவிட்டார்.

"கூலிக்காரன்னா? நம்மள நம்பித்தான வந்திருக்கான்" என்றான் மாசானம். "எறங்குதேன்."

"கம்பு?"

"தண்ணிக்குள்ள கம்ப வச்சு என்ன செய்ய? போட்டுட்டு எறங்குதேன் அண்ணாச்சி."

போன மாதம் எழுதிய தாளை ஜோன்ஸ் இருட்டிலேயே மடித்து வைத்தார்.

"காலுல என்னமோ சுத்துது" என்றார் கடைசியில். "கடல்பாம்பு. கடிச்சிட்டு."

"வெசமா?"

"வெசம்."

பழைய பதிப்பில் விஷத்துக்கு மருந்து, மாயம், தூங்கி எழுவது எதுவும் கிடையாது. ஒரே ஒரு முறை இருபது முகப் பகடை உருளும். சுடலைமுத்துக்கு ஒன்பதும் அதற்கு மேலும் விழுந்தால் உயிர். அதற்குக் கீழே விழுந்தால் அந்த இடத்திலேயே சாவு. இருட்டில் உருட்டுவது நடுவர். மூன்று பேருக்கும் இது தெரியும்.

உருட்டினார். பகடை தட்டில் ஓடி, விளிம்பில் முட்டி, நின்றது. அவர் பேனா டார்ச்சைக் கைக்குள் வைத்து அமுக்கினார்.

நாலு.

குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். நாலுதான்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. மேசையில் இருந்தவர்களின் வீரர்களைச் சாகடித்து, அவர்களை எழுந்து போக வைத்து, போகிறவர்களின் முதுகைப் பார்த்து ஏளனமாகச் சிரித்துச் சிரித்துச் சேர்த்து வைத்த கௌரவம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் நின்றது. ஜோன்ஸ் வாயைத் திறந்தார். எதிரே இருட்டுக்குள் மாசானம் செருமினான். ஷிப்டு முடித்து, இரண்டு பஸ் மாறி வந்த களைப்போடு செருமினான்.

"பொழச்சிட்டான்" என்றார் ஜோன்ஸ்.

டார்ச்சை அணைத்தார். கை தானாகப் போய்ப் பகடையை எடுத்துக்கொண்டது.

பிளாரன்ஸ் "அப்பாடா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது.

"ஏளா, யாரு லைட்டப் போடச் சொன்னா? தீவட்டி இன்னும் கொளுத்தலல்லா?" என்று எரிந்து விழுந்தார் ஜோன்ஸ்.

பிளாரன்ஸ் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றாள். மாசானம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்பரு என்ன அண்ணாச்சி?"

"பொழச்சிட்டான்னு சொல்லுதேன்லா. மேல ஆட்டத்தப் பாரு."

"அது சரி. நம்பரு?"

"பதினாலு."

"டைஸு எங்க?"

தட்டு வெறுமையாக இருந்தது. ஜோன்ஸின் வலது கை முஷ்டியாக மூடி மேசைமேல் கிடந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். திறந்து காட்டினாலும் இனிப் பிரயோசனமில்லை. கைக்குள் இருக்கிற பகடைக்கு எண் ஏது?

"என் மேலயே சந்தேகமாலே ஒனக்கு?" என்று குரலை உயர்த்தினார். உயர்த்தின குரல் பாதியிலேயே பிசிறடித்தது.

"செத்தான் பொழச்சான்னு நீங்க இதுக்கு முந்தி ஒரு நாளாவது சொல்லியிருக்கீயளா?" மாசானம் மெதுவாகத்தான் கேட்டான். "நம்பர மட்டும்தான சொல்லுவீய. எனக்குப் பாவம் பாத்தீயளாக்கும்?"

ஜோன்ஸ் முஷ்டியைத் திறந்து பகடையைத் தட்டில் போட்டார்.

"எத்தன விழுந்துது?"

"நாலு."

மாசானம் தலையை ஆட்டிக்கொண்டான். சுடலைமுத்துவின் காகிதத்தை எடுத்துப் பார்த்தான். அழித்து அழித்து எழுதி நடுவில் நைந்து போன காகிதம். ஜோன்ஸுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. வருத்தப்படுகிறான், சரியாகிவிடுவான் என்று நினைத்தார்.

"அப்ப இதுக்கு முந்தி எத்தன தடவ?" என்று கேட்டான் மாசானம்.

"என்னது?"

"இருட்டுக்குள்ள அவனுக்கு எத்தனையோ நம்பர் விழுந்திருக்கு. அதெல்லாம் நெசமாவே விழுந்துதா, நீங்க விழ வச்சீயளா?"

"மாதா மேல சத்தியமா இது ஒண்ணுதான்லே! இன்னிக்கு ஒரு தடவதான்!"

"இதையும் நீங்கதான சொல்லுதீய" என்றான் மாசானம்.

ஜோன்ஸுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பதினோரு வருஷம் கம்பால் தட்டித் தட்டிப் பிழைத்தவன், தன் சாமர்த்தியத்தால் பிழைத்தானா, இவர் போட்ட பிச்சையால் பிழைத்தானா என்று இனி அவனுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஒரே ஒரு சாவை மறைக்கப்போய் அவன் வாழ்ந்த வாழ்வையும் சேர்த்துக் கெடுத்தாயிற்று. நாலு என்று சொல்லியிருந்தால் மாசானம் வருத்தப்பட்டிருப்பான். ஒரு டீ குடித்துவிட்டு, சுடலைமுத்து பண்ணின கூத்துகளைப் பேசிச் சிரித்துவிட்டு, நல்லபடியாகப் போயிருப்பான்.

மாசானம் காகிதத்தை மேசையில் வைத்தான்.

"செத்திருந்தா கிழிச்சுப் போட்டுட்டுப் போவேன். பொழச்சிருந்தா பையில வச்சு வீட்டுக்குக் கொண்டு போவேன். ரெண்டும் இல்லாமப் பண்ணிட்டீயளே அண்ணாச்சி."

"உக்காருலே. பேசுவோம்."

"ஸ்டெபின் தம்பியப் போட்டு அந்த ஏச்சு ஏசுனீய." மாசானம் செருப்பை மாட்டினான். "அங்கன சாவு கெடையாதுன்னு மொதல்லயே சொல்லிட்டு வெளையாடுதானுவ. அது ஒங்களுக்குக் கஞ்சியா இருக்கலாம். ஆனா பொய்யில்லல்லா?"

அவன் படி இறங்குகிற சத்தம் அவசரமில்லாமல் கேட்டது. ஒவ்வொரு படியிலும் காலை நன்றாக ஊன்றித்தான் இறங்கினான். ஜோன்ஸ் அந்தச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, பழக்க தோஷத்தில், உதட்டைப் பிதுக்கினார்.

"போறான் போ. வயக்காட்டுப் பய. ஒரு பொய்யத் தாங்க முடியாதவன் பல்லிக்குத் தாலாட்டுத்தான் பாடணும்." பிளாரன்ஸ் பக்கம் திரும்பினார். "நீ உக்காரு பிளாரன்ஸ். ஒன் திருடி இன்னும் உசுரோடதான் இருக்கா. நம்ம ரெண்டு பேரும் ஆட்டத்த முடிப்போம்."

பிளாரன்ஸ் உட்காரவில்லை. பென்சில்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். வரைபடத்தை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

"என் மந்திரக்காரி செத்தது ஞாபகம் இருக்கா அண்ணே?"

"எது? வவ்வாலு கடிச்சதா?"

"அது ரெண்டாவது. நான் சொல்லுதது மூணாவது. நைட் டூட்டி முடிச்சிட்டுத் தூங்காம வந்திருந்தேன் அன்னைக்கு. ரெண்டு வருசமா வளத்தவ. நீங்க டார்ச்ச அடிச்சுப் பாத்தீய. மூணுன்னு நல்லா சத்தமாச் சொன்னீய. சொல்லிட்டு முறுக்க எடுத்துக் கடிச்சீய."

"ரூலுன்னா எல்லாருக்கும் ரூலுதான ஏளா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் பிளாரன்ஸ். "அதனால எனக்கு அன்னைக்கு வருத்தமே இல்ல. இன்னைக்குத்தான் இருக்கு."

ஜோன்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளை அப்படி முழுதாகப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. தலையில் நரை ஓடியிருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"அடுத்த ஞாயித்துக்கெழம வருவல்லா?" என்று கேட்டார். குரல் கெஞ்சியது. கெஞ்சுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது.

"எதுக்குண்ணே வரணும்? மாசானம் போயிருவான்னு பயந்துதான பொய் சொன்னீய. நான் போயிருவேன்னு ஒங்களுக்கு ஒரு நாளும் பயம் வரலியே."

அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள். சுருக்கென்று ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும் என்று ஜோன்ஸ் வார்த்தை தேடினார். அதற்குள் கீழே தெருவில் அவள் மாசானத்தைக் கூப்பிட்டு நிற்கச் சொல்வது கேட்டது.